பாதங்களின் வரலாறு

மாத்தளை நகரிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி வடக்கே செல்லும் பெருவீதியில் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தூரம் சென்றால், பெரும் பாறைகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும் ஓரிடத்தைக் காணலாம். அதுவே அலுவிகாரை. பாறை இடுக்குகளிற் குகைகள். குகைகளிற் புத்தர் சிலைகளும் சுவரோவியங்களும். வாய்மொழியாகவே வழங்கிவந்த பாளித் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்றது இங்கேதான் என்பது ஈழத்துப் பௌத்த மரபு. அதே வீதியின் இரு மருங்கிலும் இன்று வாசனைத் திரவியத் தோட்டங்கள் நிறைந்துள்ளன. மிளகும் ஏலமும் கறுவாவும் சாதிக்காயும் காட்டப்பெறும் உல்லாசப் பயணிகளுக்கு, இறுதியில் மூலிகை எண்ணெய் கொண்டு தோளையும் காலையும் தேய்த்துவிடுவதும், தேய்த்த எண்ணெயைப் போத்தலில் அடைத்து விற்பதும் அத்தோட்டங்களின் வழக்கம்.

இக்கட்டுரைக்குக் காரணமாயிருந்த நிகழ்ச்சியை முதலிற் கூறிவிடுகிறேன். எனது வகுப்பு மாணவி ஒருத்தி, தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள், ஒரு நாள் அச்சிட்ட தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். இரண்டு பாதங்களின் படம். பெருவிரலில் மூளை, நடுப்பாதத்திற் சதையி, ஈரல், சிறுநீரகம், குதிகாலிற் குடல் என்று வர்ணக் கட்டங்கள் இடப்பட்டிருந்தன. “சேர், அப்பாவுக்குச் சீனி வருத்தம். இந்த இடத்தை அமத்தினா சதையி வேலை செய்யுமாம். இது உண்மையா?” என்று கேட்டாள். நான் படத்தை நன்கு பாராமலே, “கால் அமத்துறதில என்ன கெடுதல் வரப்போகுது பிள்ளை?” என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதங்களின் பின்னர், தந்தையின் வலது காற் பெருவிரல் அகற்றப்பட்டதாக அவள் சொன்னாள். கால் அமத்துகிறவரை நம்பி அவர் மாத்திரைகளை நிறுத்தியிருக்கிறார். உணர்ச்சி மங்கிய பாதத்தில் உண்டான புண் அவருக்கு வலிக்கவேயில்லை.

ஆசிரியன் தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தவறியவன் பின்னராவது தேடித் தெரிந்துகொள்ள வேண்டும். அத்தேட்டம் என்னை மூன்று வரலாறுகளுக்கு இட்டுச் சென்றது. ஒன்று அலுவிகாரையில் எழுதப்பெற்ற நூலின் வரலாறு. மற்றொன்று அந்த வர்ணப் படத்தின் வரலாறு. மூன்றாவது, அலுவிகாரையின் முன்னால் ஓடும் அந்த வீதியில் நடந்த பாதங்களின் வரலாறு.

1

கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் காலத்திலேயே திரிபிடகம் எழுத்துருப் பெற்றது எனத் தீபவம்சமும் மகாவம்சமும் கூறும். எழுதப்பெற்ற இடம் அலுவிகாரை என்பது பின்வந்த நூல்களாலும் மரபாலும் அறியப்படுவது. அக்காலம் எத்தகையது என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. கி.மு. 103 இல் அரியணை ஏறிய மன்னன் சில மாதங்களிலேயே தென்னிந்தியப் படையெடுப்பினால் அதனை இழந்தான். பதினான்கு ஆண்டுகள் மறைந்து வாழ்ந்து, கி.மு. 89 இல் மீண்டும் ஆட்சியைப் பெற்றான். போரோடு கொடிய பஞ்சமும் சேர்ந்துகொண்டது. நூலை நெஞ்சிலே சுமந்த துறவிகள் பசியால் மாண்டார்கள். சுமப்பவன் இறந்தால் நூலும் இறந்துபோகும். எழுத்து அறிவின் ஆடம்பரமாக அன்றி அறிவின் காவலாகவே இங்கு வந்தது. பசி தந்த பாடத்தை ஓலை ஏற்றுக்கொண்டது எனலாம்.

அவ்வாறு எழுதப்பெற்றவற்றுள் விநய பிடகமும் ஒன்று. துறவிகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் அந்நூலில் மருந்துகளுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் என்ற ஐந்தில் தொடங்கி, வேர், இலை, காய், பிசின், உப்பு என அது விரிந்து செல்கிறது. அதில் பிலிந்தவச்சர் என்னும் துறவியின் பாதங்கள் வெடித்த செய்தி வருகிறது. பாதத்திற்கு எண்ணெய் பூசிக்கொள்ளப் புத்தர் அனுமதி அளிக்கிறார். அது பயன்படவில்லை. அதன்பின் பாதத்திற்குரிய வேறொரு மருந்தைத் தயாரிக்க அனுமதி அளிக்கிறார்.

இச்சிறு செய்தியின் பெருமை அதன் நேர்மையில் இருக்கிறது. சொன்னவர் புத்தர். சொன்ன மருந்து பலிக்கவில்லை. பலிக்கவில்லை என்பதை நூல் மறைக்கவில்லை, ஓதியவர்கள் மறைக்கவில்லை, ஏட்டில் எழுதியவர்களும் அதனை நீக்கவில்லை. மருந்தைப் பரிந்துரைத்தவரின் பெருமை ஒரு புறம், நோயாளியின் வெடித்த பாதம் ஒரு புறம் என்று வந்தபோது, பாதத்தின் சாட்சியே ஏற்றுக்கொள்ளப்பட்டது. மருத்துவ ஆராய்ச்சி என்று இன்று நாம் கூறுவதன் வித்து இதுவே அல்லவா?

அதே விநயத்தில் காலணி பற்றிய மற்றொரு கதை உண்டு. சோணர் என்னும் செல்வர் வீட்டு இளைஞர் துறவியாகி, வெறுங்காலுடன் இடைவிடாது நடந்து தியானம் பயின்றதனால் பாதங்கள் பிளந்து, நடைபாதை முழுவதும் குருதி படிந்தது. புத்தர் அவருக்கு ஒற்றைத் தோற் காலணியை அனுமதித்தார். சோணர் அதனைத் தனியே ஏற்க மறுத்தார்; சங்கத்தார் அனைவருக்கும் அனுமதிப்பதாயின் தாமும் அணிவதாகச் சொன்னார். அவ்வாறே அது அனைவருக்கும் அனுமதிக்கப்பட்டது. இக்கதையை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

பாதத்திற்கு எண்ணெய் தேய்ப்பதை ஆயுர்வேதமும் பாதாப்பியங்கம் என்ற பெயரால் விதந்து கூறுகிறது. பாதத்தின் வறட்சி, மரப்பு, விறைப்பு, களைப்பு, வெடிப்பு ஆகியன நீங்கும் என்றும், பாதம் வலிமை பெறும் என்றும், கண்ணுக்குத் தெளிவு உண்டாகும் என்றும் சரகர் உரைப்பார். நாள்தோறும் எண்ணெய் தேய்ப்பவர் தலை, காது, பாதம் ஆகியவற்றைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும் என்பது வாக்படரின் விதி. எங்கள் வீடுகளிலும், வயலிலும் மலையிலும் உழைத்து வந்த காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றும் வழக்கம் இருந்தது. ஆயின், மாணவி கொண்டுவந்த படத்தைப் போல, உள்ளங்காலைக் கட்டங்களாகப் பிரித்து, இக்கட்டம் ஈரல், அக்கட்டம் சதையி என்று கூறும் வரைபடம் இம்மரபின் மூல நூல்களில் இல்லை. அது வேறெங்கோ இருந்து வந்திருக்கிறது.

2

அந்தப் படத்தின் பிறப்பிடம் அமெரிக்கா. கொனெக்ரிக்கற் மாநிலத்தின் ஹாட்போட் நகரிற் காது, மூக்கு, தொண்டை வைத்தியராக இருந்த வில்லியம் பிற்ஸ்ஜெரால்ட் என்பவர், உடம்பின் சில இடங்களை அழுத்தினால் வேறு இடங்களில் வலி மரத்துப்போகிறது எனக் கருதினார். உடம்பைத் தலை முதற் கால் வரை நெடுக்காகப் பத்து வலயங்களாக அவர் பிரித்தார். விரல்களில் இறப்பர் வளையங்களை மாட்டியும், துணி உலர்த்தும் கவ்விகளைச் செருகியும், உலோகச் சீப்பை அழுத்திப் பிடிக்கச் செய்தும் வலியைத் தணிக்கலாம் என்றார். எட்வின் பௌவர்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய நூல் 1917 இல் வெளிவந்தது. வீட்டிலேயே வலியைத் தணித்துக்கொள்ளலாம் என்பதை அந்நூலின் தலைப்பே சொல்லிற்று.

அவருக்குப் பின்வந்த ஜோ ஷெல்பி றைலி என்னும் வைத்தியரிடம் பணியாற்றியவர் யூனிஸ் இங்ஹாம் என்ற பெண்மணி. 1889 இற் பிறந்த இவரே உடம்பு முழுவதற்குமான வலயங்களைப் பாதத்தில் மட்டும் குவித்தவர். எந்த உறுப்புக்கு எந்த இடம் என்று பாதத்தின் வரைபடத்தை அமைத்தவரும் இவரே. பாதங்கள் சொல்லும் கதைகள் என்ற பொருள்பட அவர் எழுதிய நூல் 1938 இல் வெளிவந்தது. 1974 இற் காலமாகும் வரை வாழ்நாளின் பெரும்பகுதியை அமெரிக்காவெங்கும் சுற்றி இம்முறையைக் கற்பிப்பதிற் செலவிட்டார். றிபிளெக்சோலொஜி என்று இன்று உலகெங்கும் வழங்கும் பாத அழுத்த முறையின் வரலாறு இதுவே.

கீழைத்தேயத்தின் தொன்மை மருத்துவம் என்ற பட்டத்தோடு இன்று அது எங்களிடம் திரும்பி வருகிறது. தைவானில் இம்முறை பரவுவதற்கு முக்கிய காரணராயிருந்தவரும் சுவிற்சர்லாந்திலிருந்து அங்கு சென்ற கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவரே. ஐரோப்பாவில் எழுதப்பட்ட ஒரு நூலைப் படித்தே அவர் அதனைப் பயின்றார். எகிப்தின் சக்காராவில் உள்ள அங்மாஹோர் என்பானின் கல்லறையிலே கையையும் காலையும் பிடித்துவிடும் காட்சி ஒன்று செதுக்கப்பட்டிருப்பதைக் காட்டி, நாலாயிரம் ஆண்டுத் தொன்மை பேசுவோரும் உளர். அக்காட்சி நகத்தைச் சீர்செய்வதையே குறிக்கிறது என்று கொள்ளும் அறிஞரும் உளர். எவ்வாறாயினும், காலைப் பிடித்துவிடுதல் தொன்மையானது என்பதனால், காலிலே சதையி இருக்கிறது என்பது தொன்மையாகிவிடாது. பழமை என்ற சான்றிதழ் சந்தையில் நல்ல விலை பெறுவது. அதனாலேயே அது தாராளமாக ஒட்டப்படுகிறது.

அமெரிக்கப் பெண்மணி ஒருவர் கண்டார் என்பதனால் அது பொய்யாகிவிடுமா? ஆகாது. எங்கே பிறந்தது என்பது உண்மையின் அளவுகோல் அன்று. பிலிந்தவச்சரின் பாதத்தைப் போலச் சோதித்துப் பார்ப்பதே வழி. அச்சோதனைகள் நடந்திருக்கின்றன.

3

1993 இல் ஒலெசன், பிளோக்கோ என்ற இரு ஆய்வாளர் மாதவிடாய்க்கு முந்திய உபாதைகளால் வருந்திய 35 பெண்களை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். ஒரு பிரிவினருக்குப் படத்தில் உரியனவாகக் காட்டப்பட்ட இடங்களும், மறு பிரிவினருக்குத் தொடர்பற்ற இடங்களும் அழுத்தப்பட்டன. உரிய இடங்களில் அழுத்தப்பட்டவர்களே கூடுதலான சுகம் கண்டதாகக் கூறினர். இம்முறையை ஆதரிப்போர் இன்றும் எடுத்துக்காட்டும் ஆய்வு இது. முப்பத்தைந்து பேர் என்பது சிறு தொகை என்பதையும் நாம் மறத்தலாகாது.

2000 ஆம் ஆண்டில் வேறொரு சோதனை வெளியாயிற்று. உடம்பின் நோயைப் பாதம் காட்டும் என்பது உண்மையாயின், நோயாளி வாய் திறவாமலே பாதத்தைத் தொட்டு நோயைச் சொல்லிவிட முடிய வேண்டும். குறித்த ஆறு நோய்களுள் ஒன்றோ பலவோ உடைய 18 பேரை, இத்துறையிற் பயிற்சி பெற்ற இருவர் தனித்தனியே சோதித்தார்கள். நோயாளர் யார், நோய் யாது என்று அவர்களுக்குத் தெரியாது. நோயைக் கண்டறிவதில் அவர்கள் குருட்டு ஊகத்தினும் மேலாகச் செல்லவில்லை. அதனினும் முக்கியமாக, ஒரே பாதத்தைத் தொட்ட இருவரிடையே உடன்பாடும் மிகக் குறைவாகவே இருந்தது. பாதத்தின் படம் உண்மையான தேசப்படமாயின், அதனைக் கொண்டு வழி தேடும் இருவர் ஒரே ஊரைச் சென்றடைய வேண்டும்.

இங்கிலாந்தின் எக்செற்றர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்சார்ட் ஏர்ன்ஸ்ற்றும் உடனாய்வாளரும் 2011 இல், அதுவரை வெளியான 23 ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டனர். இவை யாவும் நோயாளரைக் குலுக்கல் முறையிற் பிரித்துச் செய்த சோதனைகள். நீரிழிவு, புற்றுநோய், மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய், மூப்பின் மறதி, சிறுநீர்ப்பைக் கோளாறு முதலியவற்றில் நன்மை கண்டதாகக் கூறியவை எட்டு. ஏனையவற்றுட் பெரும்பாலானவை நன்மை எதனையும் காணவில்லை. நன்மை கண்டவற்றிலும் ஆய்வு முறைக் குறைகள் இருந்தன. எந்த ஒரு நோய்க்கும் இம்முறை பயன் தரும் என்பது நம்பத்தக்க முறையில் நிறுவப்படவில்லை என்பதே அவர்கள் முடிவு. அவுஸ்திரேலிய அரசு 2015 இல் வெளியிட்ட மதிப்பீடும் இதனையொத்த முடிவுக்கே வந்தது. 2019 ஏப்பிரலில் தனியார் மருத்துவக் காப்புறுதிச் சலுகைக்குரிய சிகிச்சைகளின் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது.

இவ்வளவோடு நிறுத்தினால் நான் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குவென் வையற் என்னும் தாதியியற் பேராசிரியையும் குழுவினரும் 2012 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முற்றிய மார்புப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றப்பெற்றுவந்த 385 பெண்கள் அதிற் பங்கு கொண்டனர். ஒரு பிரிவினருக்கு முறைப்படியான பாத அழுத்தம். மற்றொரு பிரிவினருக்கு முறை எதுவும் தெரியாதவர் வெறுமனே காலைப் பிடித்துவிடுதல். மூன்றாம் பிரிவினருக்கு வழமையான சிகிச்சை மட்டும். பாத அழுத்தம் பெற்றோருக்கு மூச்சுத் திணறல் தணிந்தது. நடமாட்டமும் சற்று எளிதாயிற்று. ஆயின் வலியிலோ குமட்டலிலோ மனச்சோர்விலோ வேறுபாடு காணப்படவில்லை. வெறுமனே காலைப் பிடித்துவிடப்பெற்றோருக்குக் களைப்புத் தணிந்தது. 2017 இல் அதே குழுவினர், நோயாளியின் உறவினருக்கோ நண்பருக்கோ இம்முறையைக் கற்பித்து, 256 இணையரிடையே நான்கு வாரம் செய்துபார்த்தனர். வீட்டில் அன்புடையார் காலைப் பிடித்துவிட்ட நோயாளரின் உபாதைகள் குறைந்தன.

இவற்றைச் சேர்த்து நோக்கும்போது ஒரு தெளிவு பிறக்கிறது. பாதத்திலிருந்து சதையிக்கோ ஈரலுக்கோ படம் கூறுகின்றவாறு செல்லும் தனி நரம்புப் பாதை எதனையும் உடற்கூற்றியல் கண்டதில்லை. ஆனால், பாதத்திலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புகள் உண்டு. வலியின் செய்தி முண்ணாணில் நுழையும் வாயிலை, தொடுகையின் செய்தி அடைக்கவல்லது என்ற கருத்தை 1965 இல் மெல்சாக், வோல் என்ற இரு அறிஞர் முன்வைத்தனர். அதற்கும் மேலாக, நோயுற்றவன் தனியனல்லன் என்று அவனுக்குச் சொல்லும் கை ஒன்று உண்டு. அந்தக் கை நோயைத் தீர்ப்பதில்லை. நோயைத் தாங்கும் வலுவைத் தருகிறது. தாதியர் பலர் இதனை அறிவர். நோயாளியின் காலைப் பிடித்துவிடும் மகளும் இதனை அறிவாள். இந்தச் சிறிய உண்மையின் மீது பெரிய பொய் ஒன்றை ஏற்றி விலை கூறும்போதுதான் கேடு விளைகிறது. ஆறுதலைச் சிகிச்சை என்று விற்றவரை நம்பியே என் மாணவியின் தந்தை மாத்திரையை நிறுத்தினார். நீரிழிவினால் உணர்ச்சி மங்கிய பாதத்தை அழுத்தித் தேய்ப்பதே சில வேளைகளிற் புண்ணுக்குக் காரணமாகும் என்பதையும் நான் பின்னரே அறிந்தேன்.

4

இனி, அந்த வீதிக்கு வருவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலையகக் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பி பயிரிடப்பட்டபோது, அதற்கு வேண்டிய உழைப்பு தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்தது. பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் நிலமின்மையாலும் துரத்தப்பட்டோர் தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து கால்நடையாகவே மலைநாட்டுக்குச் சென்றனர். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல். நீர் இல்லாத காடு, மலேரியா, வாந்திபேதி, அம்மை. நடக்க இயலாதவர் வழியோரத்தில் விடப்பட்டனர். பலர் அங்கேயே மாண்டனர். எஞ்சியோர் மாத்தளைக்குள் நுழையுமுன் கடந்த கடைசிப் பாறை அலுவிகாரை. பஞ்சத்திலிருந்து நூலைக் காப்பாற்றிய குகைகளின் முன்னால், பஞ்சத்திலிருந்து தம்மைக் காப்பாற்றிக்கொள்ள வந்த மக்களின் வெடித்த பாதங்கள் நடந்து சென்றன.

1848 இல் வரிக் கொடுமைக்கெதிராக மாத்தளைச் சிங்கள விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். தேசாதிபதி டொரிங்டனின் ஆட்சி அதனைப் படைச் சட்டத்தால் நசுக்கிற்று. புரான் அப்பு ஓகஸ்ட் 8 ஆம் நாள் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். அலுவிகாரையின் ஏட்டுச் சேகரமும் அக்காலத்தில் அழிந்தது. நிலத்தை இழந்த சிங்கள விவசாயியும் ஊரை இழந்த தமிழ்த் தொழிலாளியும் ஒரே ஆட்சியின் ஒரே பேராசைக்கு இரையானவர்கள். இதனை உணராதபடி இருவரையும் பிரித்து வைத்ததே அவ்வாட்சியின் பெருந்திறமை.

புகையிரதம் 1880 இல் மாத்தளையை அடைந்தது. கோப்பி இலைநோயால் அழிந்து தேயிலை வந்தது. பாதம் மட்டும் வெறும் பாதமாகவே இருந்தது. அந்தப் பாதத்தின் வழியே நோய் புகுந்தது. தொழிலாளர் சேற்றுப்புண் என்று சொல்லிச் சொறிந்துகொண்ட அரிப்பின் காரணம், மலம் கலந்த ஈர மண்ணில் வாழும் கொழுக்கிப்புழுவின் குடம்பிகள் தோலைத் துளைத்து உட்செல்வதே. இதனைக் கெய்ரோவில் ஆராய்ந்த ஆர்தர் லூஸ் என்னும் ஜேர்மானிய அறிஞர் தற்செயலாகவே கண்டார். 1898 இல் குடம்பிகள் கலந்த நீர்த்துளி அவர் கையில் சிந்திற்று. அவ்விடம் சிவந்து அரித்தது. சில வாரங்களில் அவரது மலத்திலே புழுவின் முட்டைகள் காணப்பட்டன. தோலிலிருந்து குருதி வழியே நுரையீரலுக்கும், அங்கிருந்து தொண்டை வழியே குடலுக்கும் செல்லும் புழு, குடற்சுவரைப் பற்றிக்கொண்டு குருதியை உறிஞ்சும். இரத்தம் வெளிறி, மூச்சு வாங்கி, மலையேற முடியாது தளர்ந்த தொழிலாளியைச் சோம்பேறி என்று கங்காணி ஏசினான். துரை நாட்சம்பளத்தை வெட்டினான்.

ஆகவே, பாதத்துக்கும் குடலுக்கும் தொடர்பு உண்டு. வர்ணப் படம் காட்டாத தொடர்பு அது. நுணுக்குக்காட்டியின் கீழ் எவரும் காணக்கூடியது. எவர் கண்டாலும் ஒன்றாகவே காணக்கூடியது.

அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனம் உலகெங்கும் கொழுக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியபோது, இலங்கையில் அவ்வியக்கம் 1916 இல் தொடங்கியது மாத்தளைத் தோட்டங்களிலேதான். தொழிலாளரை வரிசையாக நிறுத்தி மலம் சோதிக்கப்பட்டது. மிகப் பெரும்பாலோரிடம் புழு இருந்தது. தைமோலும், பின்னர் கெனோபோடியம் எண்ணெயும் கொடுக்கப்பட்டன. பேதி மருந்தும் கொடுக்கப்பட்டது. புழு விழுந்தது, தொழிலாளி தெளிந்தான். ஆயின் சில மாதங்களில் மீண்டும் புழு. ஏன்? லயன்களில் மலகூடம் இல்லை. காலில் செருப்பு இல்லை. மருந்துக்கு உடன்பட்ட தோட்டச் சொந்தக்காரர் பலர் மலகூடம் கட்டுவதற்குப் பின்னின்றனர். மருந்து வேலையைக் கூட்டும். மலகூடமோ செலவைக் கூட்டும். குடலிலிருந்த புழுவை வெளியேற்றிய விஞ்ஞானம், அப்புழுவை மீண்டும் மீண்டும் அனுப்பிவைத்த தோட்ட அமைப்பின்மீது கை வைக்கவில்லை. வெறும் மருந்தினால் ஆகாது, சுகாதார ஏற்பாடுகளும் வேண்டும் என்ற உணர்வு மெல்ல மெல்லவே வளர்ந்தது. 1926 இற் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவு அவ்வுணர்வின் முதற் பெரும் பயன். அது தோட்டங்களை எட்ட மேலும் பன்னெடுங்காலம் சென்றது. 1948 இற் சுதந்திர நாட்டின் பாராளுமன்றம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றவராக்கியபோது, கேட்கும் குரலும் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது.

5

இம்மூன்று வரலாறுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, என் மாணவியின் கேள்விக்கு நான் கூறியிருக்க வேண்டிய விடை கிடைக்கிறது.

‘பிள்ளை, இந்தப் படம் உண்மையன்று. காலை அழுத்துவதாற் சதையி வேலை செய்யாது. அப்பா மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. தினமும் இரவில் அவருடைய காலை நீ பார்க்க வேண்டும். விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். அவருக்கு வலி தெரியாது. ஆகவே உன் கண்தான் அவருடைய வலி. கழுவித் துடைத்து, மெதுவாக எண்ணெய் பூசு, அது நல்லது, அவருக்கு ஆறுதலாக இருக்கும். சிறு கீறல் கண்டாலும் ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ.’

இவ்விடையைச் சொல்வதற்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. சிறிது தேட்டமும் சிறிது அக்கறையும் போதும். அவற்றை அன்று நான் செலவிடவில்லை.

ஆயினும் விடை இவ்வளவில் முடியுமா? அந்தத் தந்தை ஏன் கால் அமத்துகிறவரிடம் சென்றார்? மூட நம்பிக்கை என்று சொல்லி ஒதுக்குவது படித்தவர்க்கு எளிது. ஆசுப்பத்திரிக்குச் செல்லும் நாள் அவருக்குச் சம்பளம் இல்லாத நாள். பஸ்ஸுக்குப் பணம் வேண்டும். அங்கே நீண்ட வரிசை. வரிசையின் இறுதியில் அவருக்குக் கிடைப்பது இரண்டொரு நிமிடம். பல வேளைகளில் அவருக்குத் தெரியாத மொழியில். கால் அமத்துகிறவரோ அரை மணி நேரம் அவருடைய பாதத்தைத் தம் மடியில் வைத்திருந்தார். பெயர் சொல்லி விசாரித்தார். வாழ்நாள் முழுவதும் எவரும் மரியாதையோடு தொட்டறியாத பாதம் அது. நேரமும் மரியாதையும் இல்லாத விஞ்ஞானத்துக்கும், விஞ்ஞானம் இல்லாத நேரத்துக்கும் மரியாதைக்கும் இடையே ஏழை தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒருங்கே கிடைக்கும் உரிமை செல்வனுக்கு இருக்குமாயின் ஏழைக்கு ஏன் இல்லை என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

போலி மருத்துவத்தை எதிர்ப்பவர் இக்கேள்வியை எழுப்பாதவரை அவர்களின் எதிர்ப்பு பாதிப் பணியே. அவ்வாறே, மக்கள் மரபு என்ற பெயரால் எதனையும் சோதியாது போற்றுபவர், அம்மக்களின் விரல்கள் அகற்றப்படும்போது உடன் நிற்பதில்லை. நூலை எழுதியவர்கள் எங்களுக்கு வேறு வழி காட்டியிருக்கிறார்கள். பலிக்காத மருந்தைப் பலிக்கவில்லை என்று எழுதுவது ஒன்று. ஒருவர் பாதத்துக்குக் காலணி வேண்டுமாயின் அனைவர் பாதத்துக்கும் வேண்டும் என்று கேட்பது மற்றொன்று. இரண்டும் ஒரே விநயத்தில் இருக்கின்றன. முன்னது விஞ்ஞானத்தின் நேர்மை. பின்னது சமுதாயத்தின் நீதி.

சென்ற மாதம் எட்டாம் வகுப்பு மாணவரை அலுவிகாரைக்கு அழைத்துச் சென்றேன். குகைகளைப் பார்த்துவிட்டு வீதிக்கு வந்ததும், மன்னாரிலிருந்து நடந்து வந்தவர்களின் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் வீதியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுட் பலருடைய பூட்டன்மார் அவ்வழியே வந்தவர்கள். அந்த மாணவி தனது பாட்டியும் வெறுங்காலோடுதான் கொழுந்து பறித்தவள் என்று மெல்லச் சொன்னாள். அவளுடைய தந்தை இப்போது கிளினிக்குக்கு ஒழுங்காகச் செல்கிறார். தினமும் இரவில் அவர் பாதத்தைப் பார்ப்பது அவள்தான்.